டிஸ்க்கில் வைத்த பொட்டு

டிஸ்க் பிரேக் போடவா, ரிம் பிரேக் போடவா என்று இன்னமும் யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் விடுவதாக இல்லை. போன மாதம் என்னோடு ஒரு காலத்தில் வேலை பார்த்த இரண்டு மெக்கானிக்குகள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பாறை மேல் குதித்து ஏறுகிற டிரயல்ஸ் சைக்கிளுக்கு எது பொருத்தம் என்று அவர்களுக்குள் வாக்குவாதமாம். நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஏன் வருகிறது என்று அதுவரை தெரியாது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் உத்தமபாளையத்துக்காரன். பெயர் காதர் மைதீன். யாரும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் பாய்தான். பள்ளிக்கூடத்தை விட்டதும் கம்பத்தில் என் தாய்மாமாவின் வாடகை சைக்கிள் கடையில் சேர்ந்தேன். பஞ்சர் ஒட்டுவது, சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது, செயின் மாற்றுவது எல்லாம் எந்த மெக்கானிக்கும் கற்றுக்கொள்வதுதான். அதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. அந்தக் கடையின் ஆயுத பூஜையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

கடைத்தெருவிலேயே மாமா கடையில்தான் ஆயுத பூஜை ஜோராக நடக்கும். மாமா ஐந்து வேளை தொழுகிறவர். ஆனால் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இந்துக்கள். "அவுக கும்புடுற நாளு. அன்னைக்குக் கடை அவுக கடை" என்பார். பொரி, சுண்டல், வாழைக்கன்று, தோரணம் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வரிசையாக நிற்கிற சைக்கிள்களுக்கு ஆட்கள் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு வரும்போது அவர் வாய் மட்டும் ஓயாது.

"ஏலே, ஹேண்டில்பாருல வையி. மட்கார்டுல வையி. ரிம்முல வச்ச, கைய ஒடிச்சுப்புடுவேன்!"

சக்கரத்தின் வெளி வளையமான ரிம்மைத்தான் பிரேக் கட்டைகள் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். அங்கே எண்ணெயோ சந்தனமோ பட்டால் வழுக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் வாடகை சைக்கிள் எடுத்த எல்லாருக்கும் இது தெரியும். யாரும் இதைச் சாமிக் குற்றமாக நினைத்ததே இல்லை. பூசணிக்காய் சுற்றுவது போல, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது போல, ரிம்மில் பொட்டு வைக்காததும் பூஜை முறையில் ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தது.

பிறகு ஆளாளுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள், வாடகை சைக்கிளுக்கு வேலை இல்லாமல் போனது. அதற்காக நான் ஒன்றும் அழவில்லை. கூடலூருக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தனியார் விடுதி வந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள். அங்கே சாகசப் பூங்கா ஒன்றை ஆரம்பித்து, சைக்கிள்களைக் கவனிக்க என்னைக் கூப்பிட்டார்கள். மாதச் சம்பளம், மதியச் சாப்பாடு. போய்ச் சேர்ந்தேன்.

அங்கேதான் கூடலூர் சுருளிவேலைப் பார்த்தேன். திராட்சைத் தோட்டத்துப் பெட்டிகளைச் சைக்கிளில் ஏற்றிக் கரடுமுரடான பாதையில் இறக்கிப் பழகியவன். கல்யாணமானவன், அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே சைக்கிளை நின்ற இடத்தில் நிறுத்தி, காலைத் தரையில் ஊன்றாமல், பின் சக்கரத்தை மட்டும் வைத்துப் பாறைக்குப் பாறை தாவுவான். இதற்குத்தான் டிரயல்ஸ் என்று பெயர் என்பதே எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. இதில் வேகம் கிடையாது. பாறை விளிம்பில் பின் சக்கரம் மட்டும் நிற்கும், முன் சக்கரம் அந்தரத்தில் இருக்கும், ஆள் பின்னால் சாய்ந்திருப்பான். அவன் உயிர் முழுக்க பின் பிரேக்கைப் பிடித்திருக்கும் ஒற்றை விரலில்தான். பிரேக் நெல் அளவு நழுவினால் சைக்கிள் முன்னால் ஓடிவிடும், ஆள் மல்லாக்க விழுவான்.

விருந்தாளிகள் அவனைப் பார்க்கவே வர ஆரம்பித்தார்கள். அதுவரை தினக்கூலியாக இருந்தவனை வருகிற தீபாவளி முதல் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அவன் வீட்டில் அதுதான் பெரிய கனவு.

இப்போது எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தனசேகரன். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் வேலை ஏவவும் மாட்டார். எதையும் கேள்வியாகத்தான் கேட்பார். "இந்தப் பக்கம் வேலி போட்டுரலாமா?" "ஞாயித்துக்கிழமையும் வந்துரலாமா?" கேட்டுவிட்டுத் தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் வேண்டாம் என்று சொன்னவனை நான் பார்த்ததில்லை. நல்லது நடந்தால் "நாம பண்ணோம்" என்பார். கெட்டது நடந்தால் "நீங்க பண்ணீங்க" என்பார். அத்தனையும் அதே மெல்லிய குரலில்.

ஒருநாள் என்னையும் சுருளியையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். டிரயல்ஸுக்கென்றே புது சைக்கிள் வாங்கப் போகிறார்களாம். டிஸ்க்கா ரிம்மா, நாங்களே சொல்ல வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை வருஷத்தில் ஒரு மேலதிகாரி என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கு டிஸ்க் மேல் பகை ஒன்றும் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நான் அதை வெறுத்தேன் என்று கதை கட்டினார்கள். பாறையில் இறங்கி இறங்கி ரிம் நெளியும். நெளிந்தால் ரிம் பிரேக் உரசும், இல்லாவிட்டால் எட்டாது. டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை இல்லை. அது சக்கரத்தின் நடுவில் தட்டு மாதிரி இருப்பதால் சேறும் தண்ணீரும் அவ்வளவாக எட்டாது. மேனேஜர் இதையெல்லாம் சொன்னார், சொன்னது சரிதான். நானும் சுருளியும் கேட்டது முன்னால் டிஸ்க், பின்னால் ரிம். ரிம்மின் பக்கவாட்டைக் கிரைண்டரால் சொரசொரப்பாகத் தேய்த்துவிட்டால் கட்டை நாய் கவ்வியது மாதிரி கவ்வும். கீச்சென்று சத்தம் வரும், அவ்வளவுதான்.

"அந்தச் சத்தம் கெஸ்டுக்குப் பிடிக்காதே பாய்" என்றார் மேனேஜர்.

"சார், பின்னாடி பிரேக்கு கவ்வுறது சத்தத்துலதான் எனக்குத் தெரியும்" என்றான் சுருளி. "டிஸ்க்கு ஊமையால்ல இருக்கு."

"ரெண்டு பக்கமும் டிஸ்க்கே போட்டுரலாமா?" என்று தலையைச் சாய்த்தார்.

நாங்கள் வெளியே வந்தால் வாசலில் மதுரை லாரி நிற்கிறது. ரெண்டு பக்கமும் டிஸ்க் போட்ட சைக்கிள்களை ஆட்கள் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். மதுரையிலிருந்து அது எப்போது கிளம்பியிருக்கும் என்று கணக்குப் போட எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. வாங்கி முடித்த பிறகு கருத்துக் கேட்கிற மனுஷனை என்னவென்று சொல்வது? கேட்காமலே வாங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

வந்ததை ஒழுங்காக ஓட்டுவோம் என்று பழகிக்கொண்டோம். டிஸ்க்கின் ஒரே எதிரி எண்ணெய். தட்டில் பட்ட எண்ணெயை, அதைக் கவ்வுகிற பிரேக் பேட் உறிஞ்சிக்கொண்டால், கையில் லீவர் கெட்டியாகத்தான் இருக்கும், சக்கரம் மட்டும் நிற்காது. அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். தட்டைச் சுத்தமான வெள்ளைத் துணியால் துடைப்பேன். துணியில் கறை பார்ப்பேன். பிறகு லீவரைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் என் முழு பலத்தோடு தள்ளுவேன். கடைசியாகச் சுருளி ஏறி, தரையில் சின்னக் கல்லின் மேல் பின் சக்கரத்தை ஏற்றி நின்று பார்ப்பான். அவன் தலையாட்டினால்தான் பாறைக்குப் போவான். அவன் தலையாட்டாமல் ஒருநாளும் ஆட்டம் நடந்ததில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

அந்த வருஷம் ஆயுத பூஜை ரம்ஜான் நோன்பில் வந்தது. சைக்கிள்களைத் துடைத்து வைத்து, என் டூல் பாக்ஸையும் பூஜைக்குக் கொடுத்துவிட்டு, நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் விஜயதசமி காலையில் வந்தேன். சென்னையிலிருந்து விடுதி முதலாளி வந்திருந்தார். விருந்தாளிகள் நாற்காலியில் காத்திருந்தார்கள். சைக்கிள்கள் மாலையும் பொட்டுமாக நின்றன. டிஸ்க் தட்டில் மூன்று இடத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். தட்டு முழுக்க தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று இருந்தது.

வாட்ச்மேன் பெருமாள் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். வயதில் என்னைவிட மூத்தவர், கூடலூர்க்காரர், என் மாமா கடையில் சைக்கிள் எடுத்து ஓட்டியவர்.

"யாருண்ணே இதுல எண்ணெய் போட்டது?"

"நாந்தேன் பாய்" என்றார் பெருமையாக. "உங்க மாமா சொன்னது மறக்கலை. ரிம்முல ஒரு சொட்டுப் படலை, பாத்துப் பாத்து வச்சேன். இந்தத் தட்டு வாகா இருந்துச்சு."

அவரை நான் என்ன சொல்ல முடியும்? ரிம்மில் வைக்கக் கூடாது என்று அந்த மனுஷன் ஆயுசு முழுக்க நினைவு வைத்திருந்தார். பிரேக் ரிம்மை விட்டு நடுத்தட்டுக்கு இடம் மாறிவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஓட்டுகிறவர்களிடம் சொன்னோம். காவல் காக்கிறவர் பூஜை அன்றைக்குச் சைக்கிளைத் தொடுவார் என்று யாருக்குத் தோன்றும்?

நேரே மேனேஜரிடம் போனேன். "சார், பத்து நிமிஷம் குடுங்க. தட்டைத் துடைச்சு, பேடு மாத்திட்டுத் தாரேன்."

"பூஜையில வச்ச சைக்கிளை நல்ல நேரத்துல எடுக்கணும் பாய். இப்பதான் நேரம். சாமிக்கு வச்ச பொட்டை எல்லார் முன்னாடியும் அழிக்கிறதா? ஷோ முடிஞ்சு துடைச்சுக்கலாமா?" தலை சாய்ந்தது.

"சார், பிரேக்கு பிடிக்காது சார்."

"முதலாளி பாத்துக்கிட்டிருக்காரு பாய்" என்றார், உதடு அசையாமல்.

சுருளி ஏறினான். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வந்து சின்னப் பாறையில் ஏறி நின்றவன் என்னைப் பார்த்தான். "பாய், வழுக்குற மாதிரி இருக்கே" என்று சத்தமாகவே சொன்னான். நான் இறங்கு என்று கையைக் காட்டினேன். மேனேஜர் அவனைப் பார்த்து மேலே போ என்று சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். தீபாவளிக்கு நிரந்தரமாகப் போகிறவன், முதலாளி முன்னால் எந்தக் கையைப் பார்ப்பான்?

பெரிய பாறையின் விளிம்பில் பின் சக்கரத்தில் நின்றான். சத்தமே வரவில்லை. சைக்கிள் அவனுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடியது. அவன் வலது கையை ஊன்றி மல்லாக்க விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் நாற்காலியில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

முழங்கை மூன்றாக உடைந்திருந்தது. அதைக்கூட நான் விதி என்று விட்டிருப்பேன். விட முடியாதது அதற்கப்புறம் நடந்ததுதான். அன்று சாயங்காலமே முதலாளியிடம் மேனேஜர் சொன்ன காரணம், பையன் முந்தின நாள் ராத்திரி குடித்திருக்கிறான் என்பது. பூஜையும் விடுமுறையும் சேர்ந்து வந்தால் இந்த ஆட்கள் அப்படித்தானே என்றாராம். சுருளி கல்யாணத்துக்குப் பிறகு ஒரு துளி தொடாதவன். அது தோட்டக்காரனிலிருந்து சமையல்காரர் வரை அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. பூஜையால் விழுந்தான் என்று எப்படிச் சொல்வது? சாமியைக் குறை சொன்னதாக ஆகிவிடாதா? சாமியைக் காப்பாற்ற ஒரு மனுஷனைக் குடிகாரனாக்கினார்கள். எந்தச் சாமி அப்படிக் கேட்டது?

அவன் மனைவி பேச்சியம்மாள் மூன்றாம் நாள் விடுதி கேட்டுக்கு வந்து நின்றாள்.

"எம்புருசன் குடிச்சான்னு சொன்னீகளாமே! யாரு பாத்தாக? பாத்தவுகளை வரச் சொல்லுங்க. என் மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்லுங்க!"

மேனேஜர் வெளியே வந்து, "உள்ள வந்து பேசலாமாம்மா?" என்றார்.

"இங்கனயே பேசுங்க. குடிகாரப் பட்டம் ஊருக்கு முன்னாடிதானே குடுத்தீக?"

நான் தாங்க மாட்டாமல் நடந்ததை முழுசாகச் சொன்னேன். எண்ணெய், சந்தனம், நான் பத்து நிமிஷம் கேட்டது, அவர் மறுத்தது எல்லாம். கேட்டருகே பத்துப் பேருக்கு மேல் நின்றார்கள். மேனேஜர் என்னைத் திட்டவில்லை. என் தோளில் கை வைத்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மெல்லச் சொன்னார்:

"பாய்க்கு நம்ம பழக்கம் தெரியாது. அவரைச் சொல்லிக் குத்தமில்லை."

எனக்கா பழக்கம் தெரியாது? முப்பது வருஷம் ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும் கட்டிய கை இது. ரிம்மில் பொட்டு வைக்கக் கூடாது என்கிற முறையைக் கம்பத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் மாமா. அந்த ஒரு வாக்கியத்தில் என்னை வெளியாளாக்கிவிட்டார். நான் அதற்கு மேல் பேசினால் பிரேக் பிரச்சினை வேறு பிரச்சினையாக மாறும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் என்னைப் பார்த்து, "விடுங்க பாய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

சுருளியின் கை நீட்ட வராமல் போனது. வேலை போனது. குமுளிப் பக்கம் இன்னொரு விடுதியில், ஓட்ட முடியாவிட்டாலும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று போய்க் கேட்டிருக்கிறான். குடித்துவிட்டு விழுந்த ஆள்தானே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திராட்சை பேக்கிங்குக்குத் திரும்பிப் போனான்.

மறு வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மேனேஜர் எங்கள் எல்லாரையும் சைக்கிள் கொட்டகையில் கூட்டினார்.

"இந்த வருஷம் நடுவுல இருக்கிற தட்டுல மட்டும் பொட்டு வேணாம், எண்ணெயும் வேணாம். ஹேண்டில்பார்ல மட்டும் வச்சுக்கலாமா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். பெருமாள் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"ஏன் சார் வேணாம்?"

"பிரேக் வழுக்கும்ல பாய்."

"அப்ப சுருளி குடிக்கலை."

"முடிஞ்சு போனதை ஏன் பாய் கிளறிக்கிட்டு?" என்றார். முதல் தடவையாக அவர் தலை சாயவில்லை.

"கிளறலை சார். கூடலூரு பக்கத்துலதான இருக்கு. நீங்களும் நானும் போயி, இப்ப இங்கன சொன்னதை அவன் வீட்டு வாசல்ல நின்னு சொல்லிட்டு வந்துரலாமா?"

அவர் மாதிரியே கேட்டேன். சிரிக்கக்கூடச் செய்தேன். அவர் ஆபீஸுக்குள் போய்விட்டார். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும் வரை என்னிடம் எதையும் கேள்வியாகக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் மட்டும் கூடலூர் போனேன். மேனேஜர் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சொன்னால் அவர்கள் மனசு ஆறும் என்று நினைத்தேன். சுருளி மடங்கிய கையை மற்றக் கையால் தடவிக்கொண்டே இருந்தான். பேச்சியம்மாள்தான் டீயை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பொட்டு வச்சதைப் பெருமாளண்ணன் அன்னைக்கே வந்து அழுதுட்டுப் போச்சு. நீங்க கேட்டுல நின்னு சொன்னதைப் பத்துப் பேரு கேட்டாக. நடந்தது எங்களுக்குத் தெரியும் பாய், ஊருக்கும் தெரியும். குடிகாரன்னு சொன்ன வாயி வந்து இல்லைன்னு சொல்லணும். அது சொல்லாத வரைக்கும் நீங்க எத்தனை தடவை வந்தாலும் டீதான் போட்டுத் தர முடியும்."

வீட்டுக்கு வந்த அந்த இரண்டு மெக்கானிக்குகளுக்கும் இதைத்தான் சொன்னேன். கேட்டதற்கும் பதில் சொன்னேன்: டிஸ்க் போடுங்கள், ரிம் போடுங்கள், ரெண்டும் நல்ல பிரேக்தான். ஓட்டுகிறவன் வழுக்குது என்று சொன்னால் நிறுத்துங்கள்.

தனசேகரன் இப்போது தேனியில் வீடு கட்டிக் குடியிருக்கிறார் என்று கேள்வி. சுருளியின் வீடு கூடலூரில் அதே இடத்தில்தான் இருக்கிறது. இதைப் படிக்கிற யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால் ஒன்று சொல்லுங்கள். தேனியிலிருந்து கூடலூருக்குக் காலையிலிருந்து ராத்திரி வரை பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.